குறுந்தொகை 40: கண்டதும் காதல் மட்டும்தானா?

செம்புலப்பெயனீரார் பாடிய குறுந்தொகை 40ஆம் பாடலுக்கு விளக்கம் எழுதச் சொன்னால், மாணவர்கள் பலர் 'கண்டதும் காதல்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். "பார்த்தாங்க, பிடிச்சுப் போச்சு, அவ்வளவுதான் ஐயா" என்பார்கள். இது பாதி விடைதான்.

துறைக்குறிப்பைப் பாருங்கள். கூடிய பிறகு, இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அந்தக் குறிப்பைக் கண்டு தலைவன் பேசுகிறான். ஆக, ஈர்ப்புக்குப் பின்னால் வரும் பயத்துக்குப் பதில் சொல்லும் பாடல் இது.

அந்தப் பயம் நியாயமானதுதான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவிக்குப் பத்துப் பொருத்தங்கள் சொல்கிறது. பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, அருள் எல்லாம் அதில் உண்டு. ஒத்தவரையே பெரும்பாலும் துணையாகத் தேர்ந்தெடுக்கிறோம் என்றுதான் இன்றைய உளவியலும் சொல்கிறது. இந்தத் தலைவனோ, நம் தாயர் உறவில்லை, தந்தையர் உறவில்லை, நமக்குள்ளும் முன்பின் பழக்கமில்லை என்று அடுக்குகிறான். ஆறுதல் சொல்ல வந்தவன் பேசுகிற பேச்சா இது! ஆனால் அவள் மனத்தில் ஓடுவதைத்தான் அவன் மறைக்காமல் வாய்விட்டுச் சொல்கிறான். பாடலின் பலம் இங்கேதான் இருக்கிறது.

ஈர்ப்பை மட்டும் நம்பலாமா என்ற கேள்வியும் பொய்யில்லை. 1974இல் டட்டன், ஆரன் என்ற இருவர் கனடாவின் கப்பிலானோ தொங்குபாலத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆடும் பாலத்தில் தங்களைப் பேட்டி கண்ட பெண்ணைப் பிறகு தொலைபேசியில் அழைத்த ஆண்கள், உறுதியான பாலத்தில் அழைத்தவர்களைவிட அதிகம். பயத்தில் வந்த படபடப்பையே மனம் ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். (ஓர் ஆய்வை வைத்து எல்லாக் காதலையும் எடைபோட வேண்டாம்.)

உவமைக்கு வருவோம். செம்மண்ணில் பெய்த மழை பிரியாது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நம் தோட்டப்புறச் செம்மண் சாலையில் மழை விட்டதும் ஓடும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தண்ணீர் தே தாரேக் நிறத்துக்கு மாறிவிடும், மண்ணும் இளகிப்போகும். இரண்டுமே பழையபடி இல்லை. ஏன் பிடித்தது என்று தலைவன் காரணம் காட்டவில்லை. இருவரும் மாறிவிட்டோம் என்பதைத்தான் காட்டுகிறான். விடையில் இதையும் எழுதுங்கள்.

ஒரு குறை எனக்குத் தோன்றுவதுண்டு. பேசுவது முழுக்க அவன். அவள் பதில் பாடலில் இல்லை. அவள் நம்பியிருப்பாளா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் படிவ மாணவிகள் சும்மா இருக்கமாட்டார்கள்.