ஆற்றங்கரையில் ஒரு வெண்பா

திருத்தணிக்கு வருகிறவர்கள் 365 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு, இறங்கியதும் பஸ் பிடித்துவிடுகிறார்கள். நான் ஸ்டேஷனில் இறங்கி நந்தி ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டதும் ஆட்டோக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். "ஆத்துல தண்ணியே இல்லியே சார், அங்க எதுக்கு?"

ஒரு கவிதையைப் பார்க்க என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. நடந்தேன்.

கவிதை இருப்பது ஆற்றங்கரை வீரட்டானேசுவரர் கோயில் கல்லில். 9ஆம் நூற்றாண்டின் இறுதி, அபராஜிதவர்ம பல்லவன் காலம். நம்பி அப்பி என்பவர் எடுத்த கற்றளி. பின்புறம் யானை முதுகுபோல வளைந்த தூங்கானை மாடம். அவரைப் பற்றி ஒரு வெண்பா. கூடவே, இதைப் பாடியது பெருமானடிகளே என்று ஒரு உரைநடைக் குறிப்பு. பெருமானடிகள் என்றால் அரசன்தான் என்கிறார்கள் கல்வெட்டறிஞர்கள்.

நல்ல வெண்பாவா? பாதி வழக்கமான புகழ்ச்சிதான். எல்லாக் கலையும் கற்றவன் என்று யாரையும் சொல்லிவிடலாம். ஆனால் முதல் பாதியில் ஒரு நிறச் சேர்க்கை இருக்கிறது: செஞ்சடைக்காரனுக்குக் கருங்கல்லில் வீடு. வெயிலில் அந்தச் சுவர் முன்னால் நின்றபோதுதான் அந்தக் கறுப்பு எனக்குப் புரிந்தது.

அரசர்கள் கவிதை எழுதுவது புதிதல்ல, புறநானூற்றிலேயே இருக்கிறது. இங்கே பாராட்டப்படுகிறவன் கோயில் கட்டியவன். அவன் பெயர் யாப்புக்குள் இருக்கிறது, பாடியவன் வெளியே குறிப்பில் நிற்கிறான். குறிப்பை அழித்தாலும் வெண்பா முழுசாக இருக்கும். நம்பி அப்பியை எடுத்தால் தளை உடைந்துவிடும்.

எல்லை ஊரில் பழந்தமிழ்க் கல்வெட்டு என்றதும் அதைப் பட்டாவாக நீட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ம.பொ.சி.யின் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வெண்பா ஊர் யாருடையது என்று பேசவே இல்லை, வேலையைச் செய்தது யார் என்று சொல்கிறது. பட்டாவாகப் படித்தால் அந்த ஆள் காணாமல் போய்விடுவார்.

திரும்பும்போது டீக்கடையில் மாஸ்டர் பக்கத்து ஆளிடம் தெலுங்கில் சிரித்துவிட்டு, என்னிடம் தமிழில் கேட்டார்: "மலைக்குப் போயிட்டு வர்றீங்களா?"

"இல்லண்ணே, ஆத்துப் பக்கம்."

"கோயிலா? அது ரொம்பப் பழசாச்சே" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது.