கணக்கேடு சொல்லாத கணக்கு

வணிகத்தின் வரலாற்றை எழுதுவோரில் ஒரு சாரார் வணிகரின் துணிவைப் போற்றுவர். மற்றொரு சாரார் அவர்தம் வஞ்சகத்தைச் சாடுவர். தராசைக் கையிலெடுத்து, கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்போர் மிகச் சிலரே. வட அமெரிக்காவின் உரோமத் தோல் வாணிபத்தை ஆண்ட ஹட்சன் விரிகுடாக் கம்பெனியை அவ்வாறு நிறுத்துப் பார்த்த நூலொன்றை இங்கே ஆராய முற்படுகிறோம். ஆர்தர் ரே, டொனால்ட் ஃப்ரீமன் ஆகிய இருவரும் எழுதி 1978 இல் வெளிவந்த 'கிவ் அஸ் குட் மெஷர்' என்பதே அந்நூல். 'எங்களுக்கு நிறைவாக அளந்து தாருங்கள்' என்பது தலைப்பின் பொருள். கோட்டை வாசலில் தோல்களோடு வந்து நின்ற பூர்வகுடித் தலைவர்கள் கம்பெனி அதிகாரிகளிடம் வைத்த வேண்டுகோள் அது. அளவையில் குறைப்போரைக் கண்டிக்கும் 'அல் முதஃப்பிஃபீன்' அத்தியாயத்தை ஓதி வரும் நமக்கு, நூலைக் கையிலெடுக்க அத்தலைப்பொன்றே போதுமானது.

முதலில் கம்பெனியின் பிறப்பைச் சுருங்கக் காண்போம். 1668 இல் லண்டனிலிருந்து புறப்பட்ட 'நான்சச்' என்னும் சிறு கப்பல் மறு ஆண்டு பீவர் தோல்களோடு திரும்பிற்று. பீவர் என்பது ஆறுகளில் அணைகட்டி வாழும் பிராணி. அதன் அடிமயிரைக் கொண்டு செய்த தொப்பிகளை அணிவதே அன்றைய ஐரோப்பியக் கனவான்களின் நாகரிகம். 1670 மே 2 ஆம் நாள் இரண்டாம் சார்லஸ் மன்னர், தம் உறவினரான இளவரசர் ரூபர்ட்டுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் பட்டயமொன்றை அளித்தார். ஹட்சன் விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதும் அவர்களுக்கே என்றது அப்பட்டயம். இன்றைய கனடாவில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட பரப்பு அது. 1600 இல் எலிசபெத் அரசியிடம் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கும்பினியாரின் கதையை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று.

கம்பெனியின் கோட்டைகளில் நாணயம் புழங்கவில்லை. நன்கு பதப்பட்ட பீவர் தோல் ஒன்றே மதிப்பின் அலகு. துப்பாக்கிக்கு இத்தனை, கம்பளிக்கு இத்தனை, கெண்டிக்கு இத்தனை என்று லண்டன் தலைமையகம் விகிதம் வகுத்து அனுப்பிற்று. மற்றப் பிராணிகளின் தோல்களும் பீவர் கணக்கிலேயே மதிக்கப்பட்டன. கடைசி மணி வரை எல்லாமே ஏட்டில் ஏறின. அவ்வேடுகள் அழியாமல் காக்கப்பட்டன என்பதே இவ்வாய்வுக்கு வாய்த்த பேறு.

நூலின் சிறப்பு எது? பூர்வகுடியினர் விலை நுணுக்கம் அறியாதவர்கள் என்றும், அவர்களுக்கு வாணிபம் என்பது நட்புறவுச் சடங்கேயன்றி வேறில்லை என்றும் கற்றறிந்தோரும் எழுதி வந்தனர். துப்பாக்கியை நிறுத்திவைத்து அதன் உயரத்துக்குத் தோல்களை அடுக்கச் சொல்லி ஏமாற்றினார்கள் என்னும் கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. ஆசிரியர்கள் இத்தகைய எண்ணங்களைக் கணக்கேட்டின் முன் நிறுத்தி விசாரிக்கிறார்கள். கிரீ, அசினிபோயின் மக்கள் தேர்ந்த இடைத்தரகர்களாக விளங்கியதையும், பண்டத்தின் தரத்தைக் குறைகூறி நல்லதைக் கேட்டுப் பெற்றதையும், ஆங்கிலேயர் பேரம் கசந்தால் பிரெஞ்சுக்காரரை நாடியதையும் நிறுவுகிறார்கள். புகைக்குழாய் பகிர்தலும் பரிசு மாற்றலும் நடந்த பின்னரே வாணிபம் தொடங்கிற்று. ஆயினும் தொடங்கிய பின் அவர்கள் பேரத்தில் யாருக்கும் இளைத்தவர்களல்லர். ஒரு சமூகத்தை அறியாமையின் பள்ளத்திலிருந்து கைதூக்கி, அறிவுடைய மாந்தராக நம்முன் அமர்த்தியதற்காக ஆசிரியர்களைப் பாராட்டவே வேண்டும்.

மற்றொன்றையும் அவர்கள் மறைக்கவில்லை. லண்டன் வகுத்த விகிதத்துக்கு மேலாகக் கோட்டை அதிகாரிகள் தோல் வாங்கினார்கள். அந்த மிகுதி தனியே கணக்கிடப்பட்டுத் தலைமையகத்துக்கும் தெரிவிக்கப்பட்டது. பரிசுச் செலவையும் சேதாரத்தையும் ஈடுகட்ட அது உதவிற்று. போட்டியாளர் அருகில் இருந்தபோது மிகுதி சுருங்கிற்று, இல்லாதபோது பெருகிற்று. நேர்மையை ஊட்டியது அச்சமே. அறம் அன்று என்பது இதனால் விளங்குகிறது.

இனி நம் மாறுபாட்டைச் சொல்வோம். நூல் 1763 ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. விற்றதையும் வாங்கியதையுமே பேசுகிறது. எல்லை வகுத்துக்கொண்டு எழுதுவது ஆசிரியர் உரிமை. அதைக் குறை கூறோம். ஆனால் 'நிறைவான அளவை' என்னும் சொல்லைத் தலையில் சூடிய பின், அளவை என்பது எங்கே முடிகிறது என்று வாசகர் கேட்கத்தான் செய்வர். கணக்கேட்டில் ஏறாதவற்றை யார் அளப்பது?

1781, 1782 ஆம் ஆண்டுகளில் பெரியம்மை உள்நாட்டில் பரவி, தோல் கொண்டுவந்த குடிகளையே சூறையாடிற்று. பேரேட்டில் அது வரவுக் குறைவாகத் தெரியும். அனாதைகளின் அழுகையாகத் தெரியாது. 1821 இல் போட்டியாளரான நார்த் வெஸ்ட் கம்பெனி இதனோடு இணைக்கப்பட்டது. பேரம் பேசிய மக்களுக்கு வேறு வாசல் இல்லாமற் போயிற்று. பெண்களின் உழைப்பும் ஏட்டில் தனித் தலைப்பாக இல்லை. டெனே இனப் பெண்ணான தனடெல்தூர், 1715, 1716 இல் பனிவெளியில் நெடுவழி நடந்து, பகைத்திருந்த தம் மக்களுக்கும் கிரீ மக்களுக்கும் சமாதானம் செய்துவைத்தார். 1717 இல் யார்க் கோட்டையில் மறைந்தார். அவர் இன்றி வடக்கில் வாணிபம் விரிந்திராது. இக்குறையை 1980 இல் சில்வியா வான் கிர்க் எழுதிய 'மெனி டெண்டர் டைஸ்' நிறைவு செய்கிறது. இரு நூல்களையும் சேர்த்துப் படிப்போரே முழு உருவத்தைக் காண்பர்.

எல்லாவற்றினும் பெரியது நிலம். தோலுக்குத் தோல் கணக்கு வைத்தவர்கள் நிலத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள்? ஒரு பிடி மண்ணையும் பார்த்திராத மன்னர் அதை வழங்கினார். 1869 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கம்பெனி தன் உரிமையைத் துறந்தது. 1870 இல் அந்நிலம் கனடாவுக்குக் கைமாறிற்று. கம்பெனிக்குக் கிடைத்தது 3 லட்சம் பவுன். அதற்கு மேல் வளமான நிலப்பகுதியில் இருபதில் ஒரு பங்கு. அங்கே வாழ்ந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் செவ்வாற்றங்கரையில் லூயி ரியேல் தலைமையில் மெட்டி மக்கள் எதிர்த்தெழுந்தார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கைவிட்டு, அடியில் ஈரமிருக்கக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். இக்கம்பெனியின் வரலாறும் அத்தகைய குவியலே. மேலே உள்ள தானியம் உலர்ந்தது. ரேயும் ஃப்ரீமனும் அதை நேர்மையாக அளந்து காட்டிவிட்டார்கள். ஈரம் அடியில் இருக்கிறது. அங்கே கைவிட்டுப் பார்க்கும் கடமை படிப்போரைச் சார்ந்தது.

அக்கணக்கேடுகள் 1974 இல் லண்டனிலிருந்து வின்னிபெக் நகருக்கு வந்தன. 1994 இல் மானிட்டோபா ஆவணக் காப்பகத்துக்கு நன்கொடையாயின. மூன்றரை நூற்றாண்டு வாழ்ந்த கம்பெனியோ கடனில் மூழ்கி 2025 இல் தன் கடைகளை மூடிற்று. ஏடுகள் எஞ்சியிருக்கின்றன. சிறிய தராசில் நேர்மை காட்டிப் பெரிய தராசை மறைப்பவன் நிறைவாக அளந்தவன் ஆகமாட்டான். ஊசிக்கும் மணிக்கும் கணக்கு எழுதிய அந்தக் கைகள் விட்டுச்சென்ற வெற்றிடங்களையும் வாசிக்கக் கற்றோமாயின், இந்நூல் நமக்கு முழுப் பயன் தரும்.