புதிய எழுத்தாளனும் நல்லிதழும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாகத்திலுள்ள வாகரையில் எழுதப் புகும் ஒருவர் தம் முதற் சிறுகதையை எவ்விதழுக்கு அனுப்புவது? பெயர்பெற்ற இதழே நல்லிதழ் என்பது பொதுவான எண்ணம். அது மீளாய்வுக்குரியது.

டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, பின்னர் கொழும்பிலிருந்து 2012 வரை நடத்திய ‘மல்லிகை’, மூத்த படைப்பாளிகளை அட்டைப்படத்திற் கௌரவித்தது. அறிமுகமற்றோருக்கும் உள்ளே இடமளித்தது. அதன் சிறப்பு பின்னதிலேயே தங்கியுள்ளது எனலாம். எனவே, ஓர் இதழில் எழுதத் தொடங்கியோருள் எவர் தொடர்ந்து வளர்ந்தனர் என்பதே அதன் தரத்தை அளக்கும் கோலாகும். 2005 இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திற் பழைய இதழ்கள் இலவசமாகக் கிடைப்பதால், வாகரையிலிருந்தும் இதனை ஆராய இயலும்.

ஆயினும், நின்றுபோன இதழ் வழிகாட்டுமேயன்றிப் பிரதியைத் திருத்தித் தராது. 2004 இன் கடற்கோளையும் 2006, 2007 ஆம் ஆண்டுகளின் போரையும் இடப்பெயர்வையும் கண்டது வாகரை. அவ்வனுபவத்தை அங்கு வாழ்ந்தோரே எழுதவேண்டுமாயின், அவர்தம் எழுத்தைப் படித்துக் குறைகாட்டும் ஆசிரியர் ஒருவர் அண்மையில் வேண்டும். மட்டக்களப்பில் 2012 இல் தொடங்கிய ‘மகுடம்’ போன்ற இதழ்களையும் இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடல் தகும்.