மூவார்ப் பக்கத்து ஆர்மோனியம்

பெட்டி நமக்குப் பழக்கப்பட்டதுதான். இசை நாடக மேடையின் பக்கவாட்டில் இருக்குமே, அதே ஆர்மோனியம். கூடவே தபலா. பாடகர் வாய் திறந்ததும் மலாய் வருகிறது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பாடப்படும் கஸல் இது. கல்யாண வீடுகளில் பாட வரும் குழுவுக்கு 'கஸல் பார்ட்டி' என்று பெயர்.

உருது கஸலிலிருந்து வந்தது பெரும்பாலும் பெயர்தான். ஈரடிக் கண்ணியும் இல்லை, திரும்பத் திரும்ப வரும் ஈற்றுச் சொல்லும் இல்லை. பாடுவது பாந்துன் என்னும் மலாய்ச் செய்யுள். நாலு வரி, முதல் வரியும் மூன்றாவதும் ஒரே ஓசையில் முடியும், இரண்டாவதும் நாலாவதும் இன்னோர் ஓசையில். முன்னிரண்டில் ஆறோ பறவையோ வரும், சொல்ல வந்த சேதி பின்னிரண்டில். சங்கப் பாட்டின் உள்ளுறையை ரசித்தவருக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே காட்சியும் சேதியும் பின்னிக் கிடக்கும். பாந்துனில் சில சமயம் ஓசை மட்டுமே இரண்டையும் கட்டி வைத்திருக்கும்.

பெட்டியும் தபலாவும் இந்தியாவிலிருந்து வந்தவை. காம்புஸ் அரபு ஊத் வாத்தியத்தின் உறவு. வயலினும் கிதாரும் ஐரோப்பியருடையவை. போதாததற்கு மராகாஸ் கிலுகிலுப்பை வேறு. இத்தனையும் சேர்ந்தால் சந்தை இரைச்சலாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. காரணம், பெட்டியின் குறையை மற்றவை ஏற்றுக்கொண்டதுதான். ஆர்மோனியத்தில் சுரம் விட்டுச் சுரம் வழுக்க முடியாது. கமகத்துக்கு உதவாது என்று 1940இல் அகில இந்திய வானொலி அதை வெளியே நிறுத்தியது. மலாய்க் குரலோ 'செங்கோக்' என்னும் நெளிவுகளாலேயே ஆனது. பெட்டி எட்டாத இடத்தை வயலின் இழுத்து நிரப்புகிறது. அந்த இழுப்பு கரைவதற்குள் காம்புஸ் நரம்பு ஒன்று சுண்டிவிட்டு ஒதுங்குகிறது. தபலா தனி ஆவர்த்தனத்துக்கு ஏங்குவதில்லை.

ஜொகூரின் மூவார் ஊர்க்காரரான பாக் லோமாக் இந்தக் கலையின் தந்தையாகப் போற்றப்படுகிறார். இயற்பெயர் ஹாஜி மூசா பின் யூசோப். பெட்டி இங்கே வந்தது வணிகர்களாலா, பார்சி நாடகக் குழுக்களாலா என்பதில் இரண்டு கதை உண்டு. பார்சிக் குழுக்கள் என்றால், நம் நாடக மேடைக்கும் ஜொகூருக்கும் ஒரே வாசல்.

இணைப்பிசை என்று மேடை போட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் வித்தை காட்டி, கடைசியில் எல்லோரும் வேகமாகத் தட்டிக் கைதட்டல் வாங்கும் கச்சேரிகளில் எனக்குப் பொறுமை குறைவு. ஜொகூர் கஸலில் எந்த வாத்தியமும் விருந்தாளி இல்லை.

ஜொகூரில் மலாய்க் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். கஸல் பார்ட்டி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் வயலின்காரர் பக்கமாக உட்காருங்கள்.