தூரமே நகைச்சுவை

ரிச்சர்ட் லெஸ்டரும் பீட்டர் செல்லர்ஸும் 1959-இல் எடுத்த ‘தி ரன்னிங் ஜம்பிங் அண்ட் ஸ்டாண்டிங் ஸ்டில் ஃபிலிம்’ என்ற பிரிட்டிஷ் குறும்படத்தைப் பெரும்பாலும் அதன் பின்விளைவுகளைச் சொல்லியே புகழ்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவினருக்கு இது பிடித்துப்போனது. லெஸ்டர் அவர்களை வைத்து 1964-இல் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ எடுத்தார். பிள்ளையின் சம்பாத்தியத்தைக் காட்டித் தகப்பனை மெச்சுகிற வேலை இது. பதினோரு நிமிடப் படம் தன் காலில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், வாடகைக்குப் பிடித்த ஒரு புல்வெளி, 16 மி.மீ. கேமரா, ஏறக்குறைய 70 பவுண்டு செலவு. கதையும் இல்லை, வசனமும் இல்லை. இதில் நடித்த செல்லர்ஸும் ஸ்பைக் மில்லிகனும் பிபிசி வானொலியின் ‘தி கூன் ஷோ’வில் குரலை வைத்தே பெயர் வாங்கியவர்கள். அந்தக் குரலை விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கைகொடுத்தது புல்வெளியின் அகலம்.

ஒருவர் தொலைவில் நிற்பவரைக் கைகாட்டி அழைக்கிறார். அவரும் வெளி முழுவதையும் கடந்து வருகிறார். வந்து சேர்ந்ததும் முகத்தில் ஒரு குத்து. குத்துக்கு நாம் சிரிப்பதில்லை. அதை வாங்கிக்கொள்ள அவர் அவ்வளவு தூரம் பொறுமையாக நடந்து வந்தாரே, அதற்குத்தான் சிரிக்கிறோம். இன்னொருவர் மரத்தின் அடிக்கட்டையில் இசைத்தட்டை வைத்து, ஊசியைக் கையில் பிடித்தபடி அதைச் சுற்றி ஓடுகிறார். தட்டு சுழல வேண்டியதற்கு மனிதன் சுழல்கிறான், பாட்டும் கேட்கிறது. இரண்டிலும் உடல் உழைக்கிறது, வெட்டவெளி துணைநிற்கிறது.

எல்லாத் துணுக்குகளுக்கும் இந்த வலு இல்லை. புல்தரையைத் தேய்த்துக் கழுவுவது, முகத்தில் எண்கள் எழுதிய பெண்ணைப் பார்த்து ஓவியம் தீட்டுவது போன்றவை கார்ட்டூன்கள். பார்த்த நொடியிலேயே விஷயம் தீர்ந்துவிடுகிறது, வளர்வதற்கு ஒன்றுமில்லை.

மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் படங்களில் ஒரு சறுக்கல் அடுத்த சறுக்கலைப் பெற்றெடுக்கும்; சிரிப்பு ஏறிக்கொண்டே போகும். இங்கே துணுக்குகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றனவே தவிர, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதில்லை. சிலவற்றை முன்பின்னாக மாற்றி அடுக்கினாலும் படத்துக்குப் பெரிய நஷ்டம் வராது. கதை வேண்டாம் என்பது அவர்கள் உரிமை. ஆனால் கதை செய்யும் வேலையை வேறெதுவாவது செய்தாக வேண்டும். லெஸ்டரின் ஜாஸ் இசை வேகத்தைத் தருகிறது, கட்டுமானத்தைத் தரவில்லை.

ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம்தான். அதனாலேயே இதைச் சாதனை என்று சொல்லிவிட முடியாது. அதே நேரம், நண்பர்களின் விடுமுறைக் கூத்து என்று ஒதுக்குவதும் தவறு. நெரிசலிலும் துரத்தலிலும் பிழைத்துவந்த அடிதடி நகைச்சுவைக்கு, ஆளில்லாத வெளியும் தாமதமும் போதும் என்று இரண்டு மூன்று இடங்களில் இப்படம் நிரூபிக்கிறது. முழுமையான படைப்பு அல்ல. ஆனால் அந்த இரண்டு மூன்று இடங்களுக்கு பீட்டில்ஸின் சிபாரிசு தேவையில்லை.