குயவனும் குடுவைச் செடியும்

கடவுள் உண்டென்பதைத் தருக்கத்தால் நிறுவ இயலுமா என்னும் வினா, மேனாட்டுக் கல்வியோடு தமிழரிடம் வந்து சேர்ந்ததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் முதல் நூற்பா, அவ்வினாவுக்கு விடையாகவே அமைந்துள்ளது. ஆண், பெண், அஃறிணை எனப் பகுத்துச் சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கும் இயல்பினது. அவ்வியல்புடைய பொருள் ஒருவனால் தோற்றுவிக்கப்பட்டதாதல் வேண்டும். ஒடுங்கிய இடத்திலிருந்தே அது மீளத் தோன்றுமாதலின், ஒடுக்குபவனே முதல்வன் என்பது அதன் கருத்து. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகிற்கும் இவ்வாறே மாயை, சத்தி, இறைவன் என மூன்று காரணங்கள் உள என்பர் சித்தாந்திகள்.

1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். ரிங்லெட்டை அடுத்து போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டதும், விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டொன்று விலகிச் செல்கின்றன என்பதற்கான அளவீடுகளை ஹப்பிள் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். தற்செயலான ஒற்றுமையே எனினும், பின்னாளில் தோட்டத்து மக்களின் செவிக்கு எட்டிய வாதங்கள் யாவும் இம்மூன்றையும் சுற்றியே அமைந்தன. சீர்திருத்த மேடை, விஞ்ஞானம் கடவுளைத் துரத்திவிட்டது என்றது. திருவிழா மேடையோ, விஞ்ஞானம் நம் முன்னோர் மொழிந்ததையே இப்போது மொழிகிறது என்றது. ஜெனீவா அணு ஆய்வுக் கூடத்தில் நடராசர் சிலை நிற்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். அச்சிலை இந்திய அரசு 2004இல் அளித்த அன்பளிப்பு. அன்பளிப்பு எங்ஙனம் நிரூபணமாகும்?

இவ்வகையில் கத்தோலிக்கக் குரு ஒருவரின் நேர்மை போற்றத்தக்கது. பேரண்டம் ஒரு முதல் அணுவினின்று விரிந்தது என்று 1931இல் கூறியவர் லெமெய்த்தர். 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் கொள்ளும் வகையில் பேசியபோது, அதனை விரும்பாதவர் அக்குருவே. பௌதிகக் கொள்கை சமயத்திற்குத் துணையாகவும் வேண்டா, பகையாகவும் வேண்டா என்பது அவர் நிலை.

இனி, குயவன் உவமையை ரிங்லெட் மலைச்சரிவிலேயே வைத்துச் சோதிக்கலாம். நிரை நிரையாக, இடுப்பளவில் மட்டமாக விரிந்து கிடக்கும் தேயிலையைக் காண்பவன், இது மனிதக் கையின் வேலை என ஐயமின்றித் துணிவான். கவாத்து செய்யாமலும் கொழுந்து பறிக்காமலும் விட்டால் தேயிலை மரமாக ஓங்கிவிடும் என்பதை அவன் அறிவான். கை பட்டதையும் படாததையும் ஒப்பிட்டே அவன் முடிவுக்கு வருகிறான். ஆனால் உலகத்தை ஒப்பிட மற்றோர் உலகம் எங்கே உள்ளது? குயவனையும் கண்டிருக்கிறோம், குடம் வனைவதையும் கண்டிருக்கிறோம். உலகம் வனையப்பட்டதைக் கண்டவர் எவருமிலர். முதல் நூற்பாவின் தருக்கம் நெகிழும் இடம் இதுவே.

மேலே பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில் குடுவைச் செடி வளர்கிறது. வாயும் வயிறும் மூடியும் கொண்டு, குயவன் வனைந்து வைத்தாற்போல் தோன்றும் குடுவை அது. பூச்சி வழுக்கி விழ வழவழப்பான விளிம்பும், விழுந்ததைக் கரைக்க உள்ளே நீரும் உண்டு. சத்துக் குறைந்த மண்ணில் சிறிதேனும் பூச்சியைப் பிடிக்க வல்ல இலை பிழைத்தது; அவ்வேறுபாடு தலைமுறைதோறும் திரண்டு இக்குடுவையாயிற்று என்பது, 1859இல் டார்வின் வகுத்த இயற்கைத் தேர்வு தரும் விளக்கம். குடம் இருக்கிறது, குயவன் வேண்டியிருக்கவில்லை. உயிர்களின் அமைப்பைக் காட்டிக் கடவுளை நிறுவும் வாதம் இங்கே ஆற்றல் இழக்கிறது என்பதைச் சமயவாதிகள் ஒப்புக்கொள்வதே முறை.

அவ்வாறாயின் நாத்திகம் வென்றதா? அதுவும் அவசர முடிவே. இன்மையிலிருந்து உலகைக் கடவுள் படைத்தார் என்பது சித்தாந்தம் அன்று. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதம் அதன் அடித்தளம். ஆகவே 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் விரிவு தொடங்கிற்று என்னும் கணக்கு அதனை மெய்ப்பிப்பதுமில்லை, வீழ்த்துவதுமில்லை. மேலும், உலகம் எவ்வாறு தோன்றிற்று என்பதினும், எதன்பொருட்டுத் தோன்றிற்று என்பதே சித்தாந்தத்தின் கவலை. ஆணவத்தில் அழுந்திய உயிர்கள் உடம்பெடுத்து, வினை நுகர்ந்து, பக்குவம் பெறுதற்பொருட்டு என்பது அதன் விடை. இவ்விடையைத் தொலைநோக்கி மறுக்கவியலாது. தருக்கமும் தனியே நிறுவவியலாது. இதனை உணர்ந்தன்றோ காண்டல், கருதல் என்னும் அளவைகளோடு உரையையும் சேர்த்துக்கொண்டனர்? எனவே கடவுள் நம்பிக்கை தருக்கத்தின் முடிபு அன்று. தருக்கத்திற்கு முரணும் அன்று. நம்பிக்கையாளர் அதனை நிரூபணம் என்று வழங்குவதும், மறுப்போர் மடமை என்று தள்ளுவதும் ஒருசேரப் பிழை.

மெய்கண்டாரின் மாணவர் அருள்நந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரைச் சுபக்கத்தோடு தொடங்கவில்லை. பரபக்கத்தை முன்வைத்தார், அதிலும் கடவுளில்லை என்னும் உலகாயதனுக்கே முதலிடம் தந்தார். அவன் வாதத்தை அவன் சொல்லக்கூடிய அளவு வலிமையோடு சொல்லிய பின்னரே மறுக்கப் புகுந்தார். தோட்டத்துக் கோயில்களில் ஆண்டுதோறும் நிகழும் சொற்பொழிவுகளில் சுபக்கமே பேசப்படுகிறது. பகுத்தறிவு மேடைகளிலோ இரண்டும் இல்லை.