கோடைக்கு ஓர் ஓட்டை, குளிருக்கு ஓர் ஓட்டை

ஆம்பூர்த் தோலின் அருமையை ஆம்பூரில் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. ஷூ தயாரானதும் பெட்டிக்குள் போகும். பெட்டி கன்டெய்னரில் ஏறிக் கடல் தாண்டிவிடும். அதைத் தைத்தவர்கள் ஷிப்டு முடிந்து ரப்பர் செருப்போடு வேன் ஏறுவார்கள். ஊரிலேயே தங்கி, வெயிலும் மழையும் பட்டு, கண்ணெதிரே முதிர்கிற தோலைப் பார்க்க வேண்டுமென்றால், பாலாற்றங்கரைக் கிராமங்களில் ஏதாவது ஒரு வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாயின் கழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பஜாரில் செருப்புத் தைப்பவரிடம் சொன்னால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு கழுத்துப்பட்டை தயாராகிவிடும். ஷூ கம்பெனிகளில் அப்பர் என்கிற மேற்பகுதியை வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் தோல் வெளியே விலைக்கு வருகிறது. பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து என்று அதை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டு. ஆனால் அப்பருக்கான தோல் பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. பூனையைக் கண்டதும் சங்கிலியோடு பாய்கிற நாயை அது தாங்காது. ஆகவே இரண்டு துண்டுகளைச் சொல்யூஷன் போட்டு ஒட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, பக்கிளும் வளையமும் கோத்துக் கொடுக்கிறார்கள். பார்வைக்குப் பளபளப்பு, கைக்கு மிருது, விலையும் மலிவு. ஐப்பசி அடைமழைக்குப் பிறகு ஒட்டு வாய் பிளந்துகொள்ளும்.

விஷயம் தெரிந்தவர்கள் கேட்பது ஒற்றை வார். மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம், ஓர் அங்குல அகலம், மாட்டின் முதுகுப் பக்கத்திலிருந்து நீளவாக்கில் வெட்டியது. முதுகில் நார் நெருக்கமாக இருக்கும், அதனால் இழுத்தால் நீளாது. வயிற்றுப் பக்கம் தளர்ந்த தோல். அதில் வெட்டிய பட்டை ஆறே மாதத்தில் நீண்டு, ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். வாங்கும்போது பட்டையை இரண்டாக மடித்து, உட்பக்கச் சுருக்கத்தைப் பார்த்தாலே ஓரளவு புரியும். முதுகுத் தோலில் சுருக்கம் மெல்லிய கோடுகளாக விழும். வயிற்றுத் தோலில் தொளதொளவென்று பெரிய மடிப்பு விழும்.

அடுத்து வெட்டு ஓரம். மேற்புறத்தில் எந்தச் சாயத்தையும் பூசிவிடலாம். ஓரத்தில் சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் அது குரோம் உப்பில் பதப்படுத்திய குரோம் தோல். மேலும் கீழும் நடுவிலும் ஒரே காவிப் பழுப்பு என்றால் மரப்பட்டையில் ஊறிய ‘பட்டைத் தோல்’. ஓரத்துக்கும் மை தீட்டியிருக்கிறார்களா? ஓட்டையின் உட்சுவரைப் பார்க்கலாம். அங்கே யாரும் மை தீட்டுவதில்லை.

20-ஆம் நூற்றாண்டு பிறக்கும்வரை இந்த வட்டாரத்தில் தோல் என்றாலே பட்டைத் தோல்தான். சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிர் நீக்கிய தோலை, இடித்த ஆவாரம்பட்டை போட்ட தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். பிறகு கடுக்காய்த் தண்ணீரில் ஒரு குளியல், புங்க எண்ணெயில் ஒரு பூச்சு, நிழலில் உலர்த்தல். ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது இந்தச் சரக்குதான். 1903-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னைக் கலைப் பள்ளியில் குரோம் முறையைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். அடுத்து வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயர் இன்றும் குரோம்பேட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாரக்கணக்கு வேலை நாள் கணக்குக்குச் சுருங்கியது. 1970-களில் பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்தபிறகு, ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் முடித்த தோலுக்கும் ஷூவுக்கும் திரும்பின. டேனரியை இன்றும் ‘தோல் ஷாப்’ என்றே சொல்கிற ஊர்கள் இவை. ஆனால் ஆவாரம்பட்டைத் தொட்டியைப் பார்த்த இளைஞர்கள் அங்கே குறைவு.

ஷூவுக்குக் குரோம் தோல் நல்லது. மிருது, தண்ணீரைத் தாங்கும். நாயின் கழுத்துக்குப் பட்டைத் தோலே ஒரு படி மேல். விறைப்பாகத் தொடங்கி, அந்த நாயின் கழுத்து வளைவைக் கற்றுக்கொண்டு, கழற்றி வைத்தாலும் அதே வளைவில் நிற்கும். ஒரு வருடம் போட்ட பட்டையைத் தரையில் வைத்தால் எந்த நாயுடையது என்று வீட்டுக் குழந்தைகள் சொல்லிவிடும்.

தையல் விஷயத்தில் கையா மெஷினா என்ற பழைய வழக்கு இங்கேயும் உண்டு. மெஷின் தையலில் மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று. நடுவில் ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடித்திருக்கும். நாய் காலால் சொறிந்து மேல்நூல் தேய்ந்து அறுந்தால் கீழ்நூலுக்குப் பிடிமானமில்லை. இரண்டு ஊசியால் இரு பக்கமிருந்தும் ஒரே ஓட்டையில் கோத்துத் தைக்கும் கைத்தையலில், ஒன்று அறுந்தாலும் மற்றது விடாது. வளையத்தைச் சுற்றி மடித்த இடத்தில் மட்டுமாவது மெழுகு தேய்த்த நூலில் கைத்தையல் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். அந்த மடிப்பில் தோலின் கனத்தைச் சீவிக் குறைக்கும் வேலைக்கு ஷூ கம்பெனிப் பெண்கள் சொல்லும் பெயர் ‘ஸ்கைவிங்’. அங்கே அதற்குத் தனி மெஷின் உண்டு. பஜாரில் அதே வேலையை ஒரு கத்தி செய்கிறது. கட்டைவிரல் நகத்தின்மேல் தோலை வைத்துச் சீவுகிறவரைப் பார்க்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

இப்படி வாங்கிய பட்டையை நாய் என்ன செய்கிறது என்பதில்தான் மிச்சச் சுவை.

சித்திரையில் வேலூர்ப் பக்கத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நாய்க்கு உடம்பில் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றதெல்லாம் நாக்கு வழியாகத்தான். ஆகவே அது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலிலோ ஈரமண்ணைப் பறித்து, தன் உடம்பு அளவுக்குக் குழி செய்து, வயிற்றை அதில் பதித்துக் கிடக்கும். பெண்கள் எத்தனை முறை மண்ணைத் தள்ளி மூடினாலும் மறுநாள் அதே இடம், அதே அளவு. பகலில் சோறு வைத்தால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வைகாசிக்குள் உடம்பு இளைத்து, பட்டையில் ஓர் ஓட்டை உள்ளே தள்ளவேண்டி வரும். மார்கழியில் ரோமம் அடர்ந்து, ராத்திரிச் சாப்பாடும் கூடும்போது பழைய ஓட்டைக்கே திரும்பும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவேண்டும் என்பது கணக்கு. வயதான நாயின் பட்டையில் இந்த இரண்டு ஓட்டைகள் மட்டும் கருத்துப் பளபளக்கும். மற்றவை வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும்.

ஆனால் தோலை உண்மையாகச் சோதிப்பது மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த பட்டையைச் சிலர் அவசரமாக அடுப்பருகிலோ வெயிலிலோ காயவைக்கிறார்கள். அத்தோடு அது கட்டை. நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்கு முன்பே ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தடவினால் பல வருடம் வரும். பழைய ஆட்கள் புங்க எண்ணெயைத் தடவுவார்கள். தோல் ஷாப்பில் வேலை பார்த்த வீடுகளில் அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. அந்தக் கசப்பு வாசனைக்கு உண்ணி ஒதுங்கும் என்றும் சொல்வார்கள். ஒதுங்கினாலும் இல்லாவிட்டாலும், மழைக்காலத்தில் வாரம் இருமுறை பட்டையைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். உண்ணி பிடிக்கும் முதல் இடங்களில் பட்டையின் அடிப்பக்கமும் ஒன்று. மற்றவை காது மடல், விரல் இடுக்கு.

அந்த நாட்களில் பக்கிளைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தோன்றும். வாங்கியவர் அழுக்கு என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்ப்பார், போகாது. முலாம் தேய்ந்த இரும்பும், தோலில் ஊறியிருக்கும் துவர்ப்பும் ஈரத்தில் கலந்து உண்டான கறுப்பு அது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கலம்காரித் துணியில் கறுப்புக் கோடாவதும் இதே ரசாயனம்தான். குரோம் தோலில் இந்தக் கறை விழாது. எனவே பக்கிளடியில் கறுப்பு கண்டால் அது பட்டைத் தோல் என்பதற்கு நாயே எழுதித் தந்த சான்று. பித்தளைப் பக்கிள் போட்டால் இந்தக் கறுப்பு வராது. சுத்தம் விரும்புகிறவர்கள் அதை வாங்கலாம். இந்தக் கறையை ரசிக்கிறவர்கள் இரும்போடு இருந்துவிடலாம்.

தீபாவளி தனிக் கவலை. முதல் சரவெடிக்கே தலையைப் பின்னுக்கு இழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடும் நாய்கள் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய் வளர்ப்பவர்களுக்கு இது வருடம் முழுக்க உள்ள தொல்லை. அவற்றுக்குத் தலை குறுகலாகவும் கழுத்து பருமனாகவும் இருப்பதால் சாதாரணப் பட்டை நிற்காது; காதுக்குப் பின்னால் படிகிற மாதிரி அகலப் பட்டை வேண்டும். 2005-இல் தபால் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையம் இடம்பெற்றது. நாட்டு நாய்க்குத் தபால்தலை இல்லை. ‘தோ தோ’ என்றால் வரும், அவ்வளவுதான்.

மார்கழி விடியலில் அது வைக்கோல் போரடியில் சுருண்டு, மூக்கை வாலுக்குள் வைத்திருக்கும். கோலம் போட்டு முடிந்ததும் எழுந்து சோம்பல் முறித்து நேராகக் கோலத்தின் நடுவே நடந்து போகும். பொங்கலை ஒட்டிக் காப்புக் கட்டில் ஆவாரம்பூ செருகுகிறார்கள். ஒரு காலத்தில் இதே செடியின் பட்டை தொட்டிக்குப் போனது. மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குப் புதுக் கயிறு. சில வீடுகளில் நாயையும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, புதுப்பட்டை போடுகிறார்கள். அந்த மாதம் முழுக்க ஊருக்கு ஊர் எருது விடும் விழா. தடுப்புக்கு நடுவே காளை பாயும்போது நாய் குறுக்கே போனால் இரண்டுக்கும் ஆபத்து. எனவே அன்றைக்கு எல்லா நாய்க்கும் சங்கிலி. பட்டையின் வளையம் தைத்த இடம் வருடத்தில் அதிகமாக இழுபடுவது அன்றுதான்.

மாடும் நாயும் திருடனும் இந்த மண்ணில் பழைய கதை. ஆம்பூரிலேயே நிருபதுங்க பல்லவன் காலத்து நடுகற்கள் இருக்கின்றன, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்தவர்களுக்காக. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் இன்னும் பழையது. மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டில் நட்டது. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் அதில் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இன்றைய மணிகளும் டைகர்களும் பார்க்கும் இரவுக் காவல் அதே காவல்தான். சம்பளம் மட்டும் மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர்ப் பிரியாணி வாங்கிய வீட்டில் எலும்புக்குக் காத்திருக்கும் நாயைப் பார்த்தால் தெரியும். (வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.)

தோலை இவ்வளவு ரசிக்கிறவர் ஆற்றைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிப்பது. 2025 ஜனவரியில் அதே ஆற்றைப் பற்றி அதே நீதிமன்றம் மறுபடியும் பேசவேண்டி வந்தது. குரோம் மட்டும் குற்றவாளி அல்ல. பச்சைத் தோலோடு வரும் உப்பும், பட்டைத் தொட்டியின் பழுப்புத் தண்ணீரும் சேர்ந்தே ஆற்றுக்குப் போயின. இன்று மேட்டூரிலிருந்து குழாயில் வரும் தண்ணீர்தான் இந்த ஊர்களுக்குக் குடிநீர். பாலாற்றங்கரை நாய் அலுமினியத் தட்டில் குடிப்பது காவிரி.

கடைகளில் இப்போது நைலான் பட்டைதான் தோரணமாகத் தொங்குகிறது. நனைந்தால் சீக்கிரம் உலரும், துவைக்கலாம், விலை குறைவு. குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் அது முதிர்வதில்லை, சாயம் போகிறது. எந்தப் பட்டையானாலும், போட்டிருப்பது வீட்டு நாய் என்று தெருவுக்கும் நகராட்சி வண்டிக்கும் சொல்லும். பட்டை போடுகிற கையோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டுவிடுவது முறை.

தோல் பட்டை வாங்குவதற்கும் பருவம் உண்டு. நாட்டு நாய்கள் மழைக்காலத்தில் கூடி, குட்டிகள் பெரும்பாலும் குளிர் மாதங்களில் பிறக்கின்றன. தையில் குட்டியைத் தூக்கி வந்த பிள்ளைகள் அன்றைக்கே தோல் பட்டை கேட்பார்கள். வாங்கிப் பயனில்லை: மூன்று மாதத்தில் கழுத்து மீறிவிடும், அதற்குள் குட்டி அதைக் கடித்துப் பாதியாக்கியும் இருக்கும். பழைய சேலைக் கிழிசலில் திரித்த கயிறு புரட்டாசி வரைக்கும் போதும். கழுத்து வளர்ந்து நின்றபின், நாயையே பஜாருக்குக் கூட்டிப்போய் அளவெடுக்கச் சொல்வது நல்லது. நூலில் அளந்து கொண்டுபோனால் ரோமத்தின் கனம் கணக்கில் தவறும். தைப்பவர் ஐந்து ஓட்டை போட்டுத் தருவார். முனைப் பக்கம் இன்னும் ஒன்றுக்கு இடம் விடச் சொல்லவேண்டும்.